பேயை ஓட்டாமல் பழுதுபார்த்தவன்: ‘ட்சுகுமோ’ குறும்படம் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது, ஷூஹெய் மொரிதா இயக்கிய ‘ட்சுகுமோ’ என்ற 14 நிமிட அனிமேஷன் படம் ஜப்பானிய நாட்டுப்புறக் கதையை அப்படியே எடுத்ததா என்று. ஆனால் அதற்குக் கீழே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: “பேய்கள் வருகின்றன. யாரும் அவற்றை விரட்டவில்லை, அடக்கவில்லை. கிழிந்ததை ஒட்டியும் தைத்தும் கொடுத்துவிட்டு அந்த மனிதன் தன் வழியே போகிறான். பழைய கதைகள் இப்படியா முடியும்?” முடியாது என்பதுதான் சுருக்கமான பதில். பேய்கள் பழையவை, அவை தோன்றும் சூழலும் பழையது, அவற்றைப் பழுதுபார்த்துச் சமாதானப்படுத்துகிறவன் மட்டும் இந்தப் படத்துக்கென்று வந்து சேர்ந்தவன். அவன் எங்கிருந்து வந்தான் என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

ஓரளவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நான் நாட்டுப்புறவியல் படித்தவன் அல்லன். பழைய தாள்களையும் சுவடிகளையும் செப்பனிடுவது என் தொழில். ஜப்பானியத் தாள் இல்லாமல் அந்தத் தொழிலில் ஒரு வாரம்கூட ஓடாது. தாளைப் பற்றிப் படிக்கப் போய், அந்தத் தாளில் வரைந்த ஓவியச் சுருள்களுக்கு வந்து, சுருள்களில் ஊர்வலம் போகும் பேய்களிடம் மாட்டிக்கொண்டேன். இடைக்கால ஜப்பானிய நூல்களை மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் படித்திருக்கிறேன். ஆகவே கதைகளைப் பற்றி நான் சொல்வது ஆய்வாளர்களிடம் கற்றது. குடை, தாள், பசை பற்றிச் சொல்வது கை அறிந்தது.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 18ஆம் நூற்றாண்டு, மழை கொட்டும் இரவு. மலைக்காட்டில் வழிதவறிய ஒருவன் பாழடைந்த சின்னஞ்சிறு கோயில் ஒன்றுக்குள் ஒதுங்குகிறான். உள்ளே இடம் மாறிவிடுகிறது. கதவைத் திறக்கத் திறக்க அறைகள். முதலில் கிழிந்த குடைகள் உயிர் பெற்று ஆட்டம் போடுகின்றன. அடுத்து நைந்த பட்டாடைகள். கடைசியில், தூக்கி எறியப்பட்ட சாமான்கள் எல்லாம் ஒன்றுதிரண்டு பெரும் பூதமாக எழுகின்றன. அவனிடம் இருப்பது ஒரு கருவிப்பெட்டி. கட்சுஹிரோ ஓட்டோமோ உள்ளிட்டோரின் குறும்படங்கள் சேர்ந்த ‘ஷார்ட் பீஸ்’ தொகுப்பில் இது இடம்பெற்றது. தொகுப்பு 2013இல் ஜப்பானில் திரையிடப்பட்டது. 2014 ஆஸ்கர் விழாவில் ‘ட்சுகுமோ’ சிறந்த அனிமேஷன் குறும்படப் பிரிவில் இறுதிப் பட்டியல்வரை போனது, பரிசு ‘மிஸ்டர் ஹுப்லோ’வுக்குப் போய்விட்டது.

முதலில் உறுதியான பகுதி. பொருள்களுக்கு நூறு வயதானால் அவற்றுக்குள் ஆவி புகுந்து மனிதர்களை ஏமாற்றத் தொடங்கும், அப்படிப்பட்டவற்றுக்கு ட்சுகுமோகாமி என்று பெயர் என்ற செய்தியோடு படம் தொடங்குகிறது அல்லவா? அது இயக்குநரின் கற்பனை அல்ல. முரோமாச்சி காலத்தில் (14 முதல் 16ஆம் நூற்றாண்டுவரை) எழுந்த ‘ட்சுகுமோகாமி கி’ என்ற கதைச் சுருளின் தொடக்க வாசகமே அதுதான். அதன் பழம்பிரதி ஒன்று, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிஃபு நகரத்தின் சோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் இருக்கிறது. சுருளை எழுதியவர் இந்தச் செய்தியைத் தம் சொந்தப் பொறுப்பில் சொல்லவில்லை. ‘ஒன்மியோ சக்கி’ என்று ஒரு நூல் அப்படிச் சொல்கிறது என்று மேற்கோள் காட்டுகிறார். அப்படி ஒரு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அது எப்போதாவது இருந்ததா என்பதே சந்தேகம். இல்லாத நூலைச் சான்று காட்டும் வழக்கம் எந்த நாட்டுக் கதைசொல்லிக்கும் புதிதல்ல.

சுருளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படத்தை இதன் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு புலப்படும். கதை நடப்பது கோஹோ என்ற ஆண்டுக்காலத்தில், அதாவது 964க்கும் 968க்கும் இடையில். ஆண்டு முடிவில் வீட்டில் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும் நாள். நூறு வயதைத் தொட்டுவிட்டால் தொல்லை என்பதால், அதற்குள்ளாகவே பழைய தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வீசிவிடுகிறார்கள். ‘ட்சுகுமோ’ என்ற தலைப்பை ஜப்பானிய எழுத்தில் 99 என்றே எழுதுகிறார்கள்; அந்த எண்ணுக்கும் இந்த ஒரு வயதுக் குறைக்கும் தொடர்பு உண்டு. வீசப்பட்டவை தெருவில் கூடிப் பேசுகின்றன. இத்தனை ஆண்டுகள் உழைத்தோம், கூலி கிடையாது, போகட்டும். மாடும் குதிரையும் மிதிக்கும்படி வீதியில் எறிந்துவிட்டார்களே என்று குமுறுகின்றன. இச்சிரென் என்ற ஜபமாலை மட்டும் எழுந்து, இதெல்லாம் வினைப்பயன், பகையைக் கருணையால் வெல்வோம் என்கிறது. உடனே அராதாரோ என்ற தடி, துறவி வேடம் போட்டுக்கொண்டு உபதேசம் செய்கிறாயா என்று கத்தி, ஜபமாலையை மணிகள் சிதறும் அளவுக்கு வெளுத்து வாங்குகிறது. இந்தச் சுருளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பிறகு வசந்தத்துக்கு முந்திய செத்சுபுன் இரவில் அவை உருமாறுகின்றன. கியோத்தோ நகரத்தின் வடக்கே உள்ள ஃபுனாவோகா குன்றின் பின்புறம் குடியேறி, ஊருக்குள் வந்து மனிதர்களையும் கால்நடைகளையும் தின்று, குடித்துக் கூத்தாடிக் கவிதையும் பாடுகின்றன. தங்களுக்கு உருக்கொடுத்த தெய்வத்துக்கு நன்றியாகக் கோயில் ஒன்றும் கட்டிக்கொள்கின்றன. ஒருநாள் இரவு ஊர்வலம் போகும்போது எதிரே அரசப் பிரதிநிதியின் பரிவாரம் வருகிறது. அவர் உடலில் கட்டியிருந்த காப்புக்குள் ஒரு தாரணி மந்திரம். அதிலிருந்து தீ கிளம்பிப் பேய்களைச் சிதறடிக்கிறது. அரண்மனையில் வேள்வி நடக்கிறது, தெய்வீகச் சிறுவர்கள் போய்ப் பேய்களை அடக்குகிறார்கள். தோற்ற சாமான்கள் மனம் திருந்தி, அடிபட்டு மலைக்குப் போய்விட்ட ஜபமாலையையே தேடிப் பிடித்து, அதனிடம் தீட்சை பெற்று, கடைசியில் எல்லாமே புத்தநிலை அடைகின்றன.

ஆக இது ஊர்க் கிழவிகள் சொன்ன கதையைக் கேட்டு எழுதியது என்று நினைக்க இடமில்லை. இது பிரசாரம். உயிரற்ற பொருளும் முக்தி அடையும், அதற்கு ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் வழியே சிறந்த வழி என்று சொல்வதற்காகக் கட்டிய கதை என்பதில் இதை ஆராய்ந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது இன்னொரு கேள்வியில்: பிரசாரம் செய்தவர் மக்களிடம் ஏற்கெனவே புழங்கிய நம்பிக்கையை எடுத்துக்கொண்டாரா, அல்லது நூறு வயதுக் கணக்கை அவரே உருவாக்கினாரா? நான் முதலாவதை நோக்கியே சாய்கிறேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சமாவது பழக்கமான பேய் இல்லாவிட்டால் பிரசாரம் எடுபடாது. ஆனால் நூறு என்ற துல்லியமான எண் புத்தக வாசனை அடிக்கிறது.

இந்த ஷிங்கோன் பிரிவுக்கும் நமக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. அதைத் தொடங்கிய கூக்காய் சீனத்தில் ஹுய்குவோவிடம் பாடம் கேட்டவர். ஹுய்குவோவின் ஆசிரியர் அமோகவஜ்ரர். அவருடைய ஆசிரியர் வஜ்ரபோதி. 8ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கடல்வழியே சீனம் சென்ற வஜ்ரபோதியைக் காஞ்சிப் பல்லவ அரசவையோடு சீனக் குறிப்புகள் தொடர்புபடுத்துகின்றன. அவர் பிறப்பால் தென்னாட்டவரா என்பதில் மட்டும் அந்தக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குடைப்பேய்க்குக் காஞ்சிபுரத்தில் வேர் தேட வேண்டாம். சுருளில் பேய்களைச் சுட்டெரிக்கும் தாரணி சம்ஸ்கிருத மூலம் கொண்டது, அது போன பாதையில் நம்மூரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

சுருளுக்கு முன்பே பொருட்பேய்கள் உண்டா என்றால், உண்டு, ஆனால் அவை வேறு வகை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘கொன்ஜாக்கு மொனோகதாரிஷூ’ என்ற பெருங்கதைத் தொகுப்பில் ஒரு கதை: அமைச்சர் ஒருவர் வண்டியில் போகும்போது சிறிய எண்ணெய்ச் சாடி ஒன்று தெருவில் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்க்கிறார். ஒரு வீட்டு வாசலில் நின்று, சாவித்துவாரத்தின் வழியாக உள்ளே நுழைகிறது. விசாரித்தால் அந்த வீட்டில் நோயில் கிடந்த இளம்பெண் இறந்துவிட்டாள். இங்கே சாடிக்கு வயது பிரச்சினை இல்லை, அதற்குக் குறையும் இல்லை. ஏதோ ஒரு தீய ஆவி சாடி உருவத்தில் வந்திருக்கிறது. அதே தொகுப்பில் மண்ணுக்குள் புதைந்த செப்புப் பாத்திரத்தின் ஆவி குட்டையான பருத்த மனிதனாக நடமாடும் கதையும் இருக்கிறது. தோண்டி எடுத்ததும் நடமாட்டம் நின்றுவிடுகிறது. உனக்குப் பயன்பட்டேனே, என்னை ஏன் எறிந்தாய் என்ற மனக்குறை இவற்றில் கிடையாது. அது முரோமாச்சிக் காலத்தில் வந்து சேர்கிறது. நகரங்களில் கைவினைப் பொருள்கள் பெருகி, வீட்டில் சாமான் சேர்ந்து, எறிவதற்கும் ஏதாவது இருந்த காலம் அது என்பதால் இப்படி நேர்ந்தது என்று சிலர் விளக்குகிறார்கள். நம்பத் தகுந்த விளக்கம்தான், நிரூபிக்கக் கடினம்.

ஒற்றைக்கால் குடைப்பேயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கண், நீட்டிய நாக்கு, காம்புக்குப் பதில் செருப்பணிந்த ஒரு கால் என்று இன்று பொம்மைகளிலும் படங்களிலும் பார்க்கும் அந்த உருவம் எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை) அச்சுப் படங்கள், விளையாட்டுச் சீட்டுகள், நாடக மேடை ஆகியவற்றின் வழியே புகழ்பெற்றது. அதற்கு முந்திய சுருள்களில் தலையில் குடை கவிழ்ந்த பேய் இருக்கிறது, ஆனால் அதற்கு மனித உடலும் இரண்டு கால்களும் உண்டு. இந்த ஊரில், இந்தத் தெருவில் குடைப்பேயைப் பார்த்தோம் என்று மக்கள் சொன்ன வாய்மொழிக் கதைகளோ மிக அரிது. உலகத்தில் ஜப்பானியப் பேய் என்றதும் நினைவுக்கு வருகிற ஒன்று, ஜப்பானியக் கிராமத்தானை அநேகமாகப் பயமுறுத்தியதே இல்லை. தோரியாமா சேகியென் என்ற ஓவியர் 1784இல் வெளியிட்ட பேய்ப் படநூல் ஏறக்குறைய முழுக்கப் பழம்பொருள்களின் பேய்களைக் கொண்டது. அவற்றில் பல அவரே சொல் விளையாட்டாக உருவாக்கியவை என்று கருதப்படுகின்றன. எனவே ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லை இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டும். நகரத்து வாசகர்களுக்காக நகரத்து ஓவியர்கள் வரைந்தவை இவற்றில் கணிசம்.

அசலான வாய்மொழிக் கதையின் அடையாளம் படத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. வழிதவறிய பயணி, புயல் மழை, ஆளில்லாத கோயில், நள்ளிரவில் விசித்திரங்கள், விடிந்ததும் தெளிவு: இந்தச் சட்டகம் ஜப்பான் முழுவதும் பல வடிவங்களில் சொல்லப்பட்ட ‘பேய்க்கோயில்’ கதைகளின் சட்டகம். துறவியோ துணிச்சல்காரனோ பாழுங்கோயிலில் தங்குகிறான். இரவில் யார் யாரோ வந்து பாடி ஆடுகிறார்கள். காலையில் தரைப்பலகைகளுக்கு அடியில் தேடினால் பழைய மரச்செருப்பு, பழைய முரசு, வைக்கோலால் முடைந்த மழைமேலங்கி எனக் கிடக்கின்றன. அடுத்து என்ன செய்வார்கள்? பெரும்பாலும் எடுத்து எரிப்பார்கள், அல்லது ஓதிச் சாந்தப்படுத்துவார்கள். பிறகு அந்தக் கோயிலில் பேய் வராது, வந்தவன் அங்கேயே குருவாக அமர்வான். எடுத்துத் தைத்துக் கொடுத்தான் என்று முடியும் வடிவம் எதையும் நான் படித்ததில்லை.

படத்தின் முன்னுரை பௌத்தப் பிரசாரச் சுருளிலிருந்து வருகிறது, கதைப் போக்கு பேய்க்கோயில் கதையிலிருந்து வருகிறது. துறவி நிற்க வேண்டிய இடத்தில் கருவிப்பெட்டியோடு ஒருவனை நிறுத்தியதுதான் மொரிதாவின் வேலை. மந்திரம் செய்ததை ஊசியும் பசையும் செய்கின்றன. நாட்டுப்புறக் கதையில் இல்லாத அந்த மனிதன் எடோ கால வரலாற்றில் நிறையவே இருந்தான். இனி நான் தயக்கமில்லாமல் பேசலாம்.

ஜப்பானியக் குடையின் கம்பிகள் மூங்கில். ஒரே மூங்கில் துண்டைப் பல கீற்றுகளாகப் பிளந்து, பிளந்த அதே வரிசையில் அடுக்கிக் கட்டுவார்கள். அதனால்தான் மடக்கிய குடை ஒரு முழு மூங்கில்போலத் தெரியும். அதன்மேல் மாவுப் பசையால் தாள் ஒட்டி, காய்ந்தபின் தாவர எண்ணெய் பூசி வெயிலில் காயவைப்பார்கள். தாள் என்றதும் நம் நோட்டுப் புத்தகத் தாளை நினைக்க வேண்டாம். கோசோ என்ற செடியின் உள்பட்டையிலிருந்து எடுக்கும் நார் நீளமானது. நனைந்தாலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. 1966இல் ஃபிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கி லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் ஊறிய பிறகு, உலகெங்கும் என் தொழிலில் இருப்பவர்கள் இந்தத் தாளைப் பெருமளவில் கையாளத் தொடங்கியது அந்தக் குணத்துக்காகத்தான். கண்ணாடி போன்ற மெல்லிய ஜப்பானியத் தாளை அரித்துப்போன பக்கத்தின் பின்புறம் ஒட்டும்போது, நார்கள் பழைய தாளைக் கவ்விக்கொள்வதை விரல் நுனியில் உணரலாம்.

இப்படிப்பட்ட குடையில் முதலில் கெடுவது தாள். மூங்கில் எலும்பு பல ஆண்டுகள் தாங்கும். எனவே எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பழைய குடைகளை விலைக்கு வாங்கிச் செல்வதற்கென்றே தெருத்தெருவாக வியாபாரிகள் அலைந்தார்கள். கிழிந்த தாளை உரித்து எடுத்துவிட்டு, எலும்புக்கூட்டைக் குடை ஒட்டுகிறவர்களிடம் கொடுப்பார்கள். வருமானம் போதாத கீழ்நிலை சாமுராய்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த பக்கத் தொழில்களில் குடைக்குத் தாள் ஒட்டுவது பேர்போனது. வாளேந்திய வீரன் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை ஜப்பானியத் திரைப்படங்களில் நீங்களே பார்த்திருக்கலாம். உரித்த எண்ணெய்த் தாளும் வீண் போகாது. ஈரப் பண்டங்களைப் பொதிந்து கொடுக்க உதவும். இதே நகரத்தில் உடைந்த பீங்கானை ஒட்டுகிறவர், ஓட்டைப் பாத்திரத்தை அடைக்கிறவர், மரவாளிக்கு வளையம் மாற்றுகிறவர், கந்தல் வாங்குகிறவர், அடுப்புச் சாம்பலை வாங்கிப் போகிறவர் எல்லாரும் தோளில் சுமையோடு குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். படத்தின் நாயகன் இவர்களில் ஒருவன். பெட்டியைத் திறந்து கருவியைக் கையில் எடுத்த அடுத்த நொடியே அவன் முகத்தில் பயம் போய்த் தொழில் வந்துவிடுகிறது. நானறிந்த எல்லாப் பழுதுபார்ப்பவர்களின் முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் அறையின் ஆடைகளுக்கும் இதே நியாயம். கிமோனோ நேர்கோட்டில் வெட்டிய நீள்துண்டுகளால் ஆனது. துவைப்பதென்றால் தையலைப் பிரித்துத் துண்டுகளாக்கி, அலசி, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். துணி நைந்தால் துண்டுகளை இடம் மாற்றித் தைக்கலாம், குழந்தைக்குச் சட்டையாக்கலாம், பிறகு துடைக்கும் துணி, பிறகு விறகோடு சாம்பல். இதையெல்லாம் வைத்து எடோ மக்களை இயற்கையை நேசித்த ஞானிகளாகக் காட்டும் நூல்கள் இப்போது பெருகிவிட்டன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துணி விலை அதிகம், கூலி குறைவு, அதனால் பழுதுபார்த்தார்கள். கூலி உயர்ந்து துணி மலிந்ததும் அங்கும் எறியத் தொடங்கிவிட்டார்கள்.

தொழில்காரன் கண்ணுக்குப் படத்தில் ஒரு பித்தலாட்டமும் தெரிகிறது. பசை காய நேரம் வேண்டும், எண்ணெய் ஊற நாட்கள் வேண்டும். மழை இரவில் ஒரே மூச்சில் இத்தனை குடைகளைச் செப்பனிட முடியாது. பேய்க்கோயிலுக்குள் நேரம் வேறு கணக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றபடி படத்தின் தோற்றமே ஒரு தாள்காரனுக்கு விருந்து. உருவங்கள் கணினியில் உருவான முப்பரிமாணம்தான், ஆனால் அவற்றின் மேற்பரப்பில் வடிவங்கள் அச்சிட்ட ஜப்பானியத் தாளின் சாயல் பூசியிருக்கிறார்கள். அதனால் மனிதனும் பேயும் குடையும் ஒரே பொருளால் செய்தவைபோலத் தெரிகின்றன. இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். சுருளின் பழம்பிரதி இருக்கும் கிஃபு நகரம் குடைத் தொழிலுக்குப் பேர்போன கானோ பகுதியைத் தன்னுள் கொண்டது. புகழ்பெற்ற மீனோ தாள் செய்யப்படுவதும் அதே மாநிலத்தில். இது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நல்ல தற்செயல்.

மூன்றாம் அறைதான் படத்தின் கடினமான இடம். அங்கே எழுகிற பூதம் ஒட்டித் தைத்துச் சீராக்கும் நிலையைத் தாண்டிய குப்பை. கருவிப்பெட்டிக்கு அங்கே வேலை இல்லை. அவன் கைகூப்பி, இத்தனை காலம் நன்றாக உழைத்தீர்கள் என்று நன்றி சொல்கிறான். படம் இங்கே துறவியின் வழிக்கே திரும்பிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அவன் மந்திரம் ஓதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜப்பானில் இதற்கு நிகரான சடங்கு நடைமுறையிலேயே இருக்கிறது. பிப்ரவரி 8ஆம் தேதி டோக்கியோவின் சென்சோஜி கோயில் வளாகத்தில், தையல் வேலை செய்பவர்கள் ஓராண்டில் முறிந்தும் வளைந்தும் போன ஊசிகளைக் கொண்டுவந்து தோஃபு என்ற மெத்தென்ற சோயாக் கட்டியில் குத்திவைத்து வணங்குகிறார்கள். சில பகுதிகளில் இது டிசம்பர் 8இல் நடக்கும். எழுதுகோல் தூரிகைக்கு, பொம்மைக்கு என்று இதே வகையில் வேறு சடங்குகளும் உண்டு.

இங்கே உங்கள் அடுத்த கேள்வி வருகிறது: பொருளுக்கு உயிர் உண்டென்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்களா? சடங்குகள் நடக்கின்றன என்பது உறுதி. அவை பழங்கால ஆவி நம்பிக்கையின் தொடர்ச்சி என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வது உறுதியல்ல. பொருள்களுக்கான இத்தகைய சடங்குகளில் பல எடோ காலத்திலும் அதற்குப் பின்னரும் பரவியவை. தொழில் சங்கங்களும் கோயில்களும் சேர்ந்து வளர்த்தவை. ஊசியைத் தோஃபுவில் குத்தும் ஒரு தையற்காரியிடம் ஊசிக்கு ஆவி உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார். ஆவி இருக்கிறதோ இல்லையோ, அப்படியே குப்பையில் போட அவருக்கு மனம் வராது. இரண்டுக்கும் இடையிலான அந்த நிலைக்கு ‘நம்பிக்கை’ என்ற சொல் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று படத்தின் மூன்றாம் அறைக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானது. சோனி நிறுவனம் 1999இல் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்க்கும் சேவையும் நின்றது. உதிரிபாகம் கிடைக்காமல் போனதும், முன்னாள் பொறியாளர்கள் சிலர் தனியாகப் பழுதுபார்ப்பு நிறுவனம் நடத்தி, உரிமையாளர்கள் கைவிட்ட நாய்களின் பாகங்களை எடுத்து மற்ற நாய்களுக்குப் பொருத்தினார்கள். ஆனால் பிரிப்பதற்கு முன், ச்சிபா மாநிலத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் வரிசையாக அடுக்கி இறுதிச் சடங்கு செய்தார்கள். 2015 முதல் நடந்த இந்தச் சடங்குகளில் கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டிய நூற்றுக்கணக்கான நாய்கள் இடம்பெற்றன. படம் வெளியான பிறகு நடந்தவை இவை; ஆகவே படத்துக்கு மூலம் என்று சொல்ல முடியாது. படம் கற்பனை செய்த மனநிலை வெறும் அலங்காரமல்ல என்பதற்கு இது போதுமான சான்று.

ஒரு ஊகத்தையும் ஊகம் என்றே சொல்லி வைத்துவிடுகிறேன். சுருளில் பேய்கள் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொண்டன என்று சொன்னேன் அல்லவா? படத்தின் காட்டுக்கோயில், தெய்வத்தின் கோயிலாகத் தோன்றி உள்ளே முழுக்கச் சாமான்களின் இருப்பிடமாக இருப்பது அந்தக் கோயிலின் நினைவாக இருக்கலாம். இயக்குநர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

கடைசியாக உங்கள் எட்டு வயது மகளைப் பற்றி. ‘ட்சுகுமோ’வைத் தாராளமாகக் காட்டலாம், குடைகள் முதலில் கொஞ்சம் மிரட்டும், பிறகு சிரிக்க வைக்கும். மூன்றாம் அறையில் மட்டும் பக்கத்தில் இருங்கள், சத்தம் அதிகம். ஆனால் தொகுப்பை அப்படியே ஓடவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அடுத்து வருவது ஓட்டோமோவின் எடோ நகரத் தீவிபத்துக் கதை. ஓவியச் சுருள் விரிவதுபோல எடுத்திருக்கிறார், நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது, சோகமானது. அதற்கடுத்த ‘கம்போ’வில் வெள்ளைக் கரடி ஒன்று ராட்சசனோடு ரத்தம் தெறிக்கச் சண்டையிடுகிறது, பெரியவர்களுக்கே கனமானது. நான்காவது போர் இயந்திரங்களின் கதை, அதுவும் குழந்தைக்கு வேண்டாம். முதல் படம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, வீட்டில் கிழிந்த தாள் ஏதாவது இருந்தால் மைதா மாவைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சிய பசையால் இருவரும் ஒட்டிப் பாருங்கள். பசை நீர்த்திருக்க வேண்டும். கட்டியாக இருந்தால் காய்ந்ததும் தாள் சுருண்டுகொள்ளும்.